குழந்தைகள், வளரிளம் பருவத்தினர் உடல்நலம் காக்க: குடும்பத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஒரு தொடக்க வழிகாட்டி

இந்த வழிகாட்டி இரண்டு வகையினரை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. முதல் குழந்தையை இப்போதுதான் வளர்க்கத் தொடங்கியிருக்கும் தாய், தந்தை, தாத்தா, பாட்டி ஆகியோர் ஒரு வகையினர். தம் தெருவிலோ குடியிருப்பிலோ உள்ள பிள்ளைகளுக்காக ஏதேனும் செய்ய வேண்டும் என்று முன்வந்து, எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாமல் நிற்கும் தன்னார்வலர்கள் மற்றொரு வகையினர். இருவருக்கும் வேண்டிய அறிவு பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் தனித்தனியாகப் பிரிக்கவில்லை.

புதிதாக வருபவர்கள் பலரும் விழிப்புணர்வுக் கூட்டம், துண்டறிக்கை, பதாகை என்றே தொடங்குகிறார்கள். ஆனால் பிள்ளைகள் பாதிக்கப்படுவதற்கு அறியாமையைவிடத் தாமதமே பல வேளைகளில் காரணமாக இருக்கிறது என்பதை முதலிலேயே உணர்ந்துகொண்டால், செய்ய வேண்டிய வேலையின் திசையே மாறிவிடும். பேறுகால மரணங்களைப் பற்றி 1994இல் செரீன் தடேயஸ், டெபோரா மெய்ன் ஆகிய இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டியது: சிகிச்சை தேவை என்று முடிவெடுப்பதில் நேரும் தாமதம், சிகிச்சை கிடைக்கும் இடத்தைச் சென்றடைவதில் நேரும் தாமதம், சென்ற இடத்தில் உரிய கவனிப்பு கிடைப்பதில் நேரும் தாமதம். குழந்தைகளுக்கும் இந்தப் பகுப்பு நன்றாகவே பொருந்துகிறது. முதல் தாமதத்தைக் குடும்பம் குறைக்கலாம். இரண்டாவதை அக்கம்பக்கத்தார் சேர்ந்தால் குறைக்கலாம். மூன்றாவதைக் குறைக்க, சேர்ந்தவர்கள் உரிய இடத்தில் கேள்வி கேட்கவும் வேண்டும். வளரிளம் பருவத்தில் இதே தாமதம் வேறு உருவம் எடுக்கிறது. ஐந்து வயதுவரை எடை பார்த்து, தடுப்பூசி போட்டு, அட்டையில் குறித்துவந்த குடும்பம், அதன் பிறகு பெரிதாக ஏதாவது நேரும்வரை அந்தப் பிள்ளையின் உடல்நலத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. கீழே வரும் படிகள் எல்லாம் இந்தத் தாமதங்களைக் குறைப்பதற்கானவையே.

முதல் படி: பிள்ளைகள் யார் யார் என்று அறிதல்

குடும்பத்துக்கு இது எளிது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நோட்டு வைத்து, பிறந்த தேதி, பிறந்தபோது இருந்த எடை, போட்ட தடுப்பூசிகள், ஒவ்வாமை தரும் மருந்துகள், வந்துபோன பெரிய நோய்கள் ஆகியவற்றைக் குறித்துவந்தால் போதும். மருத்துவர் கேட்கும்போது நினைவிலிருந்து சொல்வதற்கும் நோட்டைப் பார்த்துச் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு, அவசர நேரத்தில்தான் தெரியும். நோட்டின் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து, வீட்டுப் பெரியவர்கள் அனைவரிடமும் இருக்கும்படி செய்துகொள்வது நல்லது.

தன்னார்வலருக்கு இது சற்று நீண்ட வேலை. வீடு வீடாகச் சென்று, பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகள், கர்ப்பிணிகள் ஆகியோரின் பட்டியலை எழுத வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையுள்ளவர்களை வளரிளம் பருவத்தினர் என்று வகுத்திருப்பதால் இந்த வயது எல்லையைக் கொள்கிறோம். பட்டியலில் எளிதில் விடுபட்டுப்போகிறவர்களே கவனிப்பு மிகவும் தேவைப்படுகிறவர்களாகவும் இருப்பார்கள்: அண்மையில் குடிவந்த வாடகைக் குடும்பத்தின் குழந்தை, வீட்டை விட்டு வெளியே அழைத்துவரப்படாத மாற்றுத்திறனாளிப் பிள்ளை, பள்ளியை விட்டு வேலைக்குப் போகும் சிறுவன், இளவயதில் மணமுடித்துக்கொடுக்கப்பட்ட சிறுமி, பெற்றோர் வெளியூரில் இருக்க உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் "உங்கள் பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்பதைவிட, "இந்த வீட்டில் இரவு தூங்குகிற பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று கேட்பது பயன் தரும். பெயர், வயது, தடுப்பூசி நிலை ஆகியவற்றுக்கு மேல் எதையும் அந்தப் பட்டியலில் எழுத வேண்டாம். நோய் விவரங்கள் அந்தக் குடும்பத்துக்கு உரியவை. பொது நோட்டில் அவற்றுக்கு இடமில்லை.

இரண்டாம் படி: அட்டையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுதல்

வளர்ச்சி அட்டை பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. இன்று பெரும்பாலான நாடுகளில் பயன்படும் வளர்ச்சிக் கோடுகள், 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அளவைகளைச் சார்ந்தவை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து அவை உருவாக்கப்பட்டன. நல்ல உணவும் கவனிப்பும் கிடைத்தால் எந்த நாட்டுக் குழந்தையும் முதல் ஐந்து ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்கிறது என்பது அந்த ஆய்வு உறுதிப்படுத்திய செய்தி. எனவே "எங்கள் குடும்பத்தில் எல்லோருமே ஒல்லிதான்" என்ற விளக்கத்தை ஒரு வயதுக் குழந்தையின் அட்டைக்கு முன்னால் உடனே ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

அட்டையில் பார்க்க வேண்டியது புள்ளி எந்த நிறப் பட்டையில் விழுகிறது என்பதை மட்டுமன்று. முந்தைய புள்ளிகளோடு சேர்த்துப் பார்க்கும்போது கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதையும்தான். பச்சைப் பட்டைக்குள்ளேயே இருந்தாலும், தொடர்ந்து எடை ஏறாமல் கோடு கிடைமட்டமாகப் போகும் குழந்தைக்கு ஏதோ குறை இருக்கிறது. மாறாக, தாழ்ந்த பட்டையில் இருந்தாலும் கோடு மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தால், செய்துவரும் கவனிப்பு பலன் தருகிறது என்று கொள்ளலாம். எடை பார்க்கும்போது ஒவ்வொரு முறையும் ஒரே தராசில், குறைந்த உடையோடு பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஏற்ற இறக்கம் குழந்தையுடையதா தராசினுடையதா என்று தெரியாது.

6 மாதம் முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகளுக்கு இன்னொரு எளிய அளவை உண்டு. இடது மேற்கையின் நடுப்பகுதியை, தோளுக்கும் முழங்கைக்கும் சரிநடுவில், கையைத் தொங்கவிட்ட நிலையில், சதை அழுந்தாமல் நாடாவால் சுற்றி அளக்க வேண்டும். 115 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 115க்கும் 125க்கும் இடைப்பட்டால் மிதமான குறைபாடு. மூன்று நிற நாடாவைக் கொடுத்துக் காட்டிக்கொடுத்தால் தாய்மார்கள் தாங்களே துல்லியமாக அளக்கிறார்கள். இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுத்த பிறகு பள்ளம் அப்படியே நின்றால், கையளவு எதுவாக இருந்தாலும் அது ஆபத்து அறிகுறி.

தடுப்பூசி அட்டையைப் பொறுத்தவரை, தவறிப்போன தவணையே அதிகம் குழப்புகிறது. ஒரு தவணை தவறிவிட்டால் எல்லாவற்றையும் முதலிலிருந்து போட வேண்டும் என்று பலர் எண்ணி, வெட்கப்பட்டு, போகாமலே விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான தடுப்பூசிகளுக்கு அப்படித் திரும்பத் தொடங்கத் தேவையில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இலேசான சளியோ இருமலோ இருப்பதற்காகவும் தள்ளிப்போட வேண்டாம். தட்டம்மை மிக வேகமாகப் பரவும் நோய் என்பதால், ஓர் ஊரில் 95 சதவீதம் பிள்ளைகளாவது இரண்டு தவணையும் போட்டிருந்தால்தான் அங்கே அது பரவாமல் நிற்கும். தடுப்பூசி போட முடியாத பச்சிளம் குழந்தைகளையும் புற்றுநோய்ச் சிகிச்சையில் உள்ள பிள்ளைகளையும் காப்பது மற்ற பிள்ளைகளின் தடுப்பூசிதான் என்பதை, தயங்கும் பெற்றோரிடம் அதட்டாமல் எடுத்துச் சொல்ல வேண்டும். தயங்குபவரைக் கூட்டத்தில் வைத்துத் திருத்த முயன்றால் அவர் அதன்பின் வரமாட்டார். தனியே உட்கார்ந்து அவருடைய அச்சம் எது என்று முதலில் கேட்பதே நல்லது.

மூன்றாம் படி: ஊட்டல்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். முதல் ஆறு மாதம் தண்ணீர்கூடக் கொடுக்காமல் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். ஆறு மாதம் நிறைந்ததும் இணை உணவைத் தொடங்கி, இரண்டு வயதுவரையோ அதற்கு மேலுமோ தாய்ப்பாலைத் தொடரலாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுக்கக் கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி, குழந்தையின் குடலில் வளர்ந்து தசைகளைச் செயலிழக்கச் செய்யும்.

இணை உணவில் பெரும்பாலும் அளவைப் பற்றியே பேசுகிறோம். வகையையும் பார்க்க வேண்டும். தாய்ப்பால், தானியமும் கிழங்கும், பருப்பும் கொட்டைகளும், பால் பொருள்கள், இறைச்சியும் மீனும், முட்டை, மஞ்சள் நிறப் பழங்களும் கீரைகளும், பிற காய்கனிகள் என்ற எட்டு வகைகளில் ஐந்தாவது அன்றாடம் கிடைக்க வேண்டும் என்பது 6 முதல் 23 மாதக் குழந்தைகளுக்கான உலகளாவிய குறைந்தபட்ச அளவுகோல். தாய்க்குப் போதிய உணவும் ஓய்வும் கிடைக்க, வீட்டிலுள்ள ஆண்கள் எந்த வேலையை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதையும் இந்தப் படியிலேயே பேசி முடிவு செய்துவிட வேண்டும். ஊட்டல் பற்றிய அறிவுரையைத் தாயிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போவது பாதி வேலைதான்.

நான்காம் படி: எப்போது ஓட வேண்டும் என்று அறிதல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் ஒருவர் படிப்பார் என்றால், அது இதுவாக இருக்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாமல் இருந்தால், உட்கொண்டதை எல்லாம் வாந்தியெடுத்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் சரியாக விழிக்காமல் துவண்டு கிடந்தால், நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காலைவரை பார்ப்போம் என்ற முடிவுக்கு இங்கே இடமில்லை. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் இருந்தாலும், 35.5 டிகிரிக்குக் கீழே உடல் சில்லிட்டிருந்தாலும், பால் குடிப்பது குறைந்தாலும் அதே அவசரம்தான்.

இருமலும் சளியும் உள்ள குழந்தைக்கு நிமோனியா இருக்குமோ என்று வீட்டிலேயே ஓரளவு அறிய முடியும். குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையை மேலே தூக்கிவிட்டு, வயிறும் மார்பும் ஏறி இறங்குவதைக் கடிகாரம் வைத்து எண்ண வேண்டும். ஒரு முறை ஏறி இறங்கினால் ஒன்று. பதினைந்து நொடி எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. சின்னக் குழந்தையின் மூச்சு சீராக இராது, ஆகவே முழு ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது நிறையும்வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் ஐந்து வயது நிறையும்வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. மருத்துவரிடம் காட்டியாக வேண்டும். மூச்சை உள்ளிழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே மார்பு உள்வாங்கினால், எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும்.

வயிற்றுப்போக்கில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் நீரிழப்புதான். உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை வாங்கிவைக்காத வீடு குழந்தை உள்ள வீடாக இருக்கக் கூடாது. கலக்கும்போது நேரும் பிழை ஒன்று உண்டு. பொட்டலங்கள் ஒரே அளவில் வருவதில்லை. ஒரு லிட்டர் நீருக்கானவையும் உண்டு, 200 மில்லிலிட்டருக்கானவையும் உண்டு. பெரிய பொட்டலத்தைக் குவளை நீரில் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்குக் கேடாகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியை எடுத்துக் கலக்கினால் அளவு தவறும். எனவே பொட்டலத்தில் எழுதியுள்ள நீரளவை வாசித்து, அளவு தெரிந்த பாத்திரத்தில் சுத்தமான குடிநீரை எடுத்து, பொட்டலம் முழுவதையும் கொட்டிக் கலக்க வேண்டும். ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும் கொடுக்கலாம். வாந்தியெடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, தேக்கரண்டியால் மெதுவாக மீண்டும் தொடங்க வேண்டும். கலக்கி 24 மணி நேரம் ஆனதைக் கொட்டிவிட வேண்டும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தவே கூடாது.

கூடவே துத்தநாக மாத்திரை: ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குட்பட்ட குழந்தைக்கு 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் வரை. வயிற்றுப்போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுவது வழக்கமாக இருக்கிறது. முழு நாள்களும் கொடுத்தால் அடுத்த இரண்டு மூன்று மாதங்களில் திரும்ப வருவதும் குறையும் என்பதைத் தாய்க்குச் சொல்லி அனுப்ப வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டாலோ, கண்கள் குழிவிழுந்து தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு மெதுவாகத் திரும்பினாலோ, வீட்டு வைத்தியம் போதாது.

ஐந்தாம் படி: வீட்டிலும் தெருவிலும் உள்ள ஆபத்துகள்

நோயைப் பற்றிப் பேசும் அளவுக்கு விபத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்கு உலக அளவில் முதற்காரணம் சாலை விபத்து. பள்ளிக்கு முன்னால் வாகன வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று உள்ளூர் நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்க் கேட்பது, பத்து உடல்நலச் சொற்பொழிவுகளைவிடப் பயன் தரும். பிள்ளைகள் நடந்துசெல்லும் சாலைகளுக்கு இந்த வேக எல்லையை 2020ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனமும் வலியுறுத்துகிறது.

நீரில் மூழ்கும் குழந்தை கூச்சலிடுவதில்லை. வாளியில் உள்ள சில அங்குல நீரும் தவழும் குழந்தைக்குப் போதும். வங்கதேசக் கிராமங்களில் குழந்தைகள் மூழ்குவது பெரியவர்கள் வேலையில் மூழ்கியிருக்கும் முற்பகல் வேளையில்தான் அதிகம் என்று கண்டறிந்து, அந்தச் சில மணி நேரத்துக்கு மட்டும் ஒரு வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கூட்டிவைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகங்களை ஏற்படுத்தினார்கள். அதன்பின் அக்குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது வெகுவாகக் குறைந்தது. எந்த நேரத்தில் கண்காணிப்பு தளர்கிறது என்று கண்டுபிடித்து அந்த நேரத்துக்கு மட்டும் ஆள் வைப்பது, செலவில்லாத ஏற்பாடு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். மண்ணெண்ணெய், பூச்சிமருந்து, கழிவறை கழுவும் திரவம் ஆகியவற்றைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றிவைக்கக் கூடாது. பொத்தான் வடிவ மின்கலத்தை விழுங்கிய குழந்தையை உடனே கொண்டுசெல்ல வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழல் வெந்துபோகலாம். தீக்காயத்தின் மீது ஓடும் குளிர்ந்த குழாய் நீரை 20 நிமிடம் விட வேண்டும். பசையோ மாவோ தடவக் கூடாது. கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும்.

ஆறாம் படி: ஐந்து முதல் ஒன்பது வயது

இவர்களை யாரும் பார்ப்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை உயரமும் எடையும் பார்த்து நோட்டில் எழுதுவது, பற்களைப் பார்ப்பது, கரும்பலகை சரியாகத் தெரிகிறதா என்று கேட்பது, சுகாதாரப் பணியாளர் சொல்லும் தவணைகளில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுப்பது ஆகியவை போதுமானவை. இந்த வயதினருக்கு 9 முதல் 11 மணி நேரத் தூக்கமும், நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சிரைக்கும் அளவுக்கு ஓடி ஆடும் விளையாட்டும் வேண்டும். விளையாட இடமில்லை என்பதே பெரும்பாலான இடங்களில் உண்மையான தடை. பள்ளி மைதானத்தை மாலையிலும் விடுமுறையிலும் திறந்துவைக்கச் செய்வது பெற்றோர் சேர்ந்து கேட்டால் நடக்கக்கூடிய காரியம்.

ஏழாம் படி: வளரிளம் பருவம்

பெண் குழந்தைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் குழந்தைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றங்கள் தொடங்குகின்றன. அவை தொடங்குவதற்கு முன்பே, வீட்டில் ஒருவர் பிள்ளையிடம் வெளிப்படையாகப் பேசியிருக்க வேண்டும். மாதவிடாய் என்றால் என்ன என்று முதல் மாதவிடாய் வந்த அன்று சொல்லிக்கொடுப்பது தாமதம். மகனுக்கும் அதைச் சொல்லித்தர வேண்டும். 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டால், அல்லது இரத்தப்போக்கு மிகுந்து சோர்வும் மூச்சுவாங்கலும் இருந்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். 12 வயது முதல் பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்று கொள்ளப்படுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி 9 முதல் 14 வயதுச் சிறுமிகளை முதன்மையாக இலக்காகக் கொண்டது. 2022 முதல் இந்த வயதினருக்கு ஒரு தவணையோ இரண்டு தவணையோ போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

உடலைவிட மனத்தைப் பற்றிய பேச்சுதான் கடினம். வளரிளம் பருவத்தினரில் ஏழு பேரில் ஒருவர் மனநலச் சிக்கலோடு வாழ்கிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சோர்வு, எரிச்சல், பழகிய நண்பர்களை விலக்குதல், தூக்கமும் பசியும் மாறுதல், படிப்பில் திடீர்ச் சரிவு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதைத் திமிர் என்றோ வயதுக் கோளாறு என்றோ தள்ளிவிடக் கூடாது. இந்தப் பருவத்தில் உடலின் உள்கடிகாரமே பின்னோக்கித் தள்ளிப்போவதால் இரவில் தூக்கம் வரத் தாமதமாகிறது என்பதையும், அவர்களுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பதையும் அறிந்த பெற்றோர், காலையில் நடக்கும் சண்டையில் பாதியைத் தவிர்க்கலாம். கைபேசிகள் அனைத்தும், பெரியவர்களுடையது உட்பட, இரவில் படுக்கையறைக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும். பிள்ளையின் கைபேசியை மட்டும் வாங்கிவைப்பது தண்டனையாகவே படும்.

பேசுவதற்கு எதிரெதிரே உட்கார்ந்து விசாரிப்பதைவிட, சேர்ந்து நடக்கும்போதோ பாத்திரம் துலக்கும்போதோ தொடங்குவது எளிது. "ஏன் இப்படி இருக்கிறாய்?" என்ற கேள்வி குற்றச்சாட்டாக ஒலிக்கும். "கொஞ்ச நாளாக நீ சரியாகச் சாப்பிடுவதில்லை, நண்பர்களோடும் போவதில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று கண்ணால் கண்டதைச் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை மௌனமாக இருக்க வேண்டும். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் பெரியவர்களுக்குக் கடினமாக இருக்கிறது. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. ஆம் என்று சொன்னால், அறிவுரை தொடங்காமல், தனியே விடாமல், அன்றே மனநல மருத்துவரையோ மருத்துவமனையையோ நாட வேண்டும். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் பூட்டிவைப்பது இங்கே உயிர்காக்கும் செயல். கணநேர உந்துதல் கடந்துபோக அது அவகாசம் தருகிறது. இலங்கையில் கடும் நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடை செய்யப்பட்டதைத் தொடர்ந்து, 1995க்கும் 2015க்கும் இடையில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது.

போதைப் பழக்கத்தில் ஒரு குடும்பம் மட்டும் கண்டிப்பாக இருந்து பயனில்லை. "மற்ற வீட்டில் எல்லாம் விடுகிறார்களே" என்ற ஒரே வாதம் போதும். ஐஸ்லாந்தில் இதைத்தான் ஊர் கூடி எதிர்கொண்டார்கள். பிள்ளைகள் இரவில் வெளியே இருக்கும் நேரம், பெரியவர்கள் இல்லாத விருந்துகள் ஆகியவை பற்றிப் பெற்றோர் தமக்குள் உடன்பாடு செய்துகொண்டார்கள். விளையாட்டு, இசை வகுப்புகளுக்குப் பொதுப்பணம் ஒதுக்கப்பட்டது. பிள்ளைகளிடம் முறையாகக் கணக்கெடுப்பு நடத்தி, முடிவுகளை அந்தந்தப் பகுதிக்கே திருப்பிக் கொடுத்தார்கள். முந்தைய மாதத்தில் ஒரு முறையாவது குடித்துப் போதையேறிய 15, 16 வயதினரின் பங்கு 1998இல் 42 சதவீதமாக இருந்தது, 2016இல் 5 சதவீதமாகக் குறைந்தது. சொற்பொழிவால் இது நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

எட்டாம் படி: குழுவைத் தொடங்குதல்

நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வு, புதிதாகத் தொடங்குபவர் எவரும் அறிந்திருக்க வேண்டியது. உள்ளூர்ப் பெண் ஒருவர் ஒருங்கிணைக்க, பெண்கள் மாதம் ஒரு முறை கூடித் தங்கள் பகுதியின் பேறுகாலச் சிக்கல்களைத் தாங்களே பேசி, வழிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். சில குழுக்கள் பொது நிதி சேர்த்தன, சில நோயாளியைச் சுமந்துசெல்லத் தூளி ஏற்பாடு செய்தன. அந்தப் பகுதிகளில் பச்சிளம் குழந்தை இறப்பு மற்ற பகுதிகளைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவாக இருந்தது. பிற்பாடு வங்கதேசத்தில் இதே முறையை முயன்றபோது முதலில் பலன் தெரியவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஒரு குழு என்று மெலிதாகப் பரப்பியிருந்தார்கள். குழுக்களை நெருக்கமாக்கிய பின் பலன் தெரிந்தது. பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்தப் பகுதியின் கர்ப்பிணிகளில் 30 சதவீதத்தினராவது குழுவுக்கு வந்த இடங்களில்தான் பெரிய மாற்றம் கிடைத்தது. இதிலிருந்து தொடக்கக்காரர் எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி நேரடியானது: எல்லை பெரிதாக வேண்டாம்; நடந்து செல்லும் தொலைவில் உள்ள வீடுகள் போதும், ஆனால் அவற்றில் பெரும்பாலோர் வர வேண்டும்.

கூட்டங்களை நான்கு கட்டங்களாக நடத்தலாம். முதல் சில கூட்டங்களில் சிக்கல்களைப் பேசி, அவற்றில் எதை முதலில் எடுப்பது என்று தேர்ந்தெடுப்பது, அடுத்து, அதற்கு என்ன செய்வது என்று திட்டமிட்டு, மற்றவர்களுக்கும் அறிவிப்பது, பின்னர் செய்வது, இறுதியாக, நடந்ததா என்று பார்ப்பது. தேர்ந்தெடுப்பதற்குச் சிக்கல்களைப் படங்களாக வரைந்து தரையில் பரப்பி, ஒவ்வொருவரிடமும் மூன்று கூழாங்கற்களைக் கொடுத்து, தமக்கு முக்கியமாகப் படும் படத்தின் மீது வைக்கச் சொல்லலாம். இப்படிச் செய்தால் பேசத் தயங்குகிறவருக்கும், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும், சத்தமாகப் பேசுகிறவருக்கும் ஒரே எண்ணிக்கைதான். மாமியார்களையும் கணவர்களையும் வளரிளம் பருவத்தினரையும் எப்போது அழைப்பது என்பதையும் குழுவே முடிவு செய்யட்டும். பிள்ளைகளைப் பற்றிய கூட்டத்துக்குப் பிள்ளைகளையே அழைக்காமல் நடத்துவது பரவலாக நடக்கும் பிழை.

எந்தச் சிக்கல் முதலில் வந்தாலும், அவசர வண்டி ஏற்பாட்டை மட்டும் முதல் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும் என்பது என் கருத்து. இரவு இரண்டு மணிக்கு யாருடைய வண்டி வரும், அவர் வெளியூர் போயிருந்தால் அடுத்தவர் யார், கையில் பணமில்லாத குடும்பத்துக்கு எரிபொருள் செலவை யார் முன்பணமாகத் தருவார், வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வார் என்ற நான்கு கேள்விகளுக்கும் பெயர்களாகவே விடை எழுதி, ஒவ்வொரு வீட்டுக் கதவின் உட்புறமும் ஒட்ட வேண்டும். ஒரு முறை ஒத்திகை பார்ப்பதும் நல்லது. எழுதிய எண்களில் ஒன்றிரண்டு வேலை செய்யாமல் இருப்பது அப்போதுதான் தெரியவரும்.

சுகாதார நிலையத்தில் மருந்தில்லை, பணியாளர் இல்லை என்றால் தேதியும் நேரமும் குறித்து, எழுத்தில், குழுவாகக் கேட்க வேண்டும். 1989இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 24ஆம் உறுப்பு, எட்டக்கூடிய மிக உயர்ந்த உடல்நலத்தைக் குழந்தையின் உரிமையாகக் கூறுகிறது; இது சலுகை கேட்பது ஆகாது. அதே சமயம் அங்கே வேலை செய்பவர்களைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். பெரும்பாலும் அவர்களும் அதே பற்றாக்குறையால்தான் அவதிப்படுகிறார்கள், குழுவின் மனு அவர்களுக்கும் உதவும்.

ஒன்பதாம் படி: தன்னார்வலரின் எல்லைகள்

பெரியவர் ஒருவர் தனியாக ஒரு பிள்ளையோடு மூடிய அறையில் இருக்கக் கூடாது என்ற விதியை முதல் நாளிலேயே எழுதிவைக்க வேண்டும். எவ்வளவு நம்பிக்கைக்குரியவராக இருந்தாலும் விதிவிலக்குக் கூடாது. பிள்ளைகளின் படங்களைப் பெற்றோர் அனுமதியும் பிள்ளையின் சம்மதமும் இல்லாமல் எங்கும் பகிரக் கூடாது. மருந்து தருவது, நோய் இன்னதென்று சொல்வது ஆகியவை உங்கள் வேலை ஆகா; அறிகுறியைக் கண்டு, அனுப்பி, திரும்பி வந்தாரா என்று பார்ப்பதே உங்கள் வேலை.

ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த வன்முறையையோ பாலியல் தொல்லையையோ உங்களிடம் சொல்லத் தொடங்கினால், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. குறுக்கே பேசாமல் கேட்டு, "நீ சொன்னது நல்லது, இதில் உன் தவறு எதுவும் இல்லை" என்று கூறி, உதவக்கூடியவர்களிடம் மட்டும் இதைச் சொல்லப்போவதாகத் தெரிவிக்க வேண்டும். துருவித் துருவிக் கேட்பதும், மற்றவர்கள் முன் மீண்டும் சொல்லவைப்பதும் பிள்ளைக்கு மேலும் துன்பம். பின்னர் நடக்கும் விசாரணையையும் அது கெடுக்கும். பிள்ளை பயன்படுத்திய சொற்களை அப்படியே தேதியிட்டு எழுதிவைத்து, உங்கள் நாட்டுச் சட்டப்படி குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அமைப்பிடம் அன்றே தெரிவிக்க வேண்டும். தொல்லை கொடுத்தவராகச் சொல்லப்படுபவரிடம் நீங்களே போய் விசாரிக்கக் கூடாது. ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமரசம் பேசி முடிக்கலாம் என்று யாரேனும் சொன்னாலும் அதற்கு உடன்படக் கூடாது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை, முதல் படியில் எழுதிய பட்டியலை எடுத்துக்கொண்டு மறுபடியும் வீடு வீடாகச் செல்லுங்கள். தடுப்பூசி தவறியவர்களில் எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள், மருத்துவமனைக்கு அனுப்பியவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே சென்று சேர்ந்தார்கள், ஆபத்து அறிகுறி தெரிந்து கிளம்பும்வரை எவ்வளவு நேரம் ஆனது என்ற மூன்று எண்களையும் எழுதி அடுத்த கூட்டத்தில் வாசியுங்கள். மூன்றாவது எண் குறையாமல் நின்றால், முதலில் வண்டிப் பட்டியலைச் சரிபார்த்துவிட்டு, அதன்பின் அந்த வீடுகளில் முடிவெடுப்பவர் யார் என்று விசாரித்து அவரை அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள்.